ஞாயிற்றுக்கிழமைப் பதிவு

பெரியவருக்கு எழுபத்து மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோதுதான், அவருடைய கச்சேரியை அரங்கத்திலேயே வைத்துப் பதிவு செய்ய ஒரு கம்பெனி முன்வந்தது. அதற்கு முன் அவர் பெயரில் நான்கு இசைத்தட்டுகள் வந்திருந்தன. நான்கும் ஸ்டூடியோவில் பதிவானவை. நான்குமே அவருக்குப் பிடிக்காது. டெனர் சாக்ஸஃபோனைத் தூக்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குள் போய் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பார். எதிரே நாற்பது பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும், யாராவது இரும வேண்டும், ஒரு நாற்காலியாவது கிறீச்சிட வேண்டும். அப்போதுதான் அவருக்கு மூச்சு வயிற்றிலிருந்து வரும். ஊரில் ஜாஸ் கேட்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தட்டில் இருப்பது அவர் கழற்றிப் போட்ட சட்டை, ஆள் மேடையில்தான் இருக்கிறார் என்று அவருடைய பியானோக்காரர் சொல்வதுண்டு.

பெரியவர் என்று ஒருவர் இருந்தால் சின்னவர் என்று ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும். சின்னவர் அவருடைய தம்பி. ஐந்து வயது இளையவர், ட்ரம்ஸ் வாசிப்பவர். நாற்பத்து நான்கு வருடங்களாக அண்ணன் ஊதும் இடமெல்லாம் தம்பி அடித்திருக்கிறார். இருவரும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். பெரியவரும் மனைவியும் மூன்றாவது மாடியில், சின்னவர் தரைத்தளத்தில் ஒற்றை அறையில். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாடு மட்டும் மேலே அண்ணன் வீட்டில். யாராவது புதிதாக அறிமுகமானால் சின்னவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "எங்க அண்ணன் ஊதுவாரு, நான் அடிப்பேன். வீட்டுக்குப் போனா எங்க ரெண்டு பேருக்கும் சேத்து அண்ணி ஒருத்தரே கச்சேரி வைப்பாங்க." அண்ணி அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். ஆயிரத்தோராவது தடவையும் சிரிப்பாள்.

சின்னவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தவள் அண்ணிதான். நான்கு வருடங்களுக்கு முன் ஒருநாள் அவர் அடுப்புப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது கெட்டில் கொதித்து வீல் வீலென்று விசிலடித்தது. அவர் திரும்பவே இல்லை. பேச்சு ஓரளவு கேட்டது, கனமான சத்தங்கள் நன்றாகவே கேட்டன, கீச்சென்று மேலே போகிற சத்தங்கள் மட்டும் அவருக்கு இல்லாமல் போயிருந்தன. வாழ்நாள் முழுக்க இடது காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பித்தளைச் சிம்பலை வைத்து அடித்தவருக்கு வேறென்ன ஆகும். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் காலத்து ஆட்கள் வாயைத் திறந்து பேசுவதில்லை, வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார்.

மேடையில் அது வேறு விதமாகத் தெரிந்தது. சிம்பல் சத்தம் தனக்கு எட்டாததால் எட்டும்வரை ஓங்கி அடித்தார். வருடத்துக்கு வருடம் அந்த அடி பலத்துக்கொண்டே போனது. பெரியவர் முதல் வருடம் இரண்டடி தள்ளி நின்றார். அடுத்த வருடம் நான்கடி. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? காலையில் எழுந்ததும் ட்ரம்ஸைப் பற்றி நினைக்க முடியாவிட்டால் தம்பி அந்த ஒற்றை அறையில் என்ன செய்வான் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. பியானோக்காரரும் பேஸ் வாசிப்பவரும், அண்ணனே சும்மா இருக்கும்போது நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் பதிவு வந்தது. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒலிப்பதிவு தெரிந்த நாற்பது வயதுப் பெண்மணி ஒருவரும் அவருடைய கணவரும்தான். சகோதரர்கள் அவரைப் பதிவுக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். பத்து வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில் ஒதுங்க வந்த இடத்தில் பெரியவரின் வாசிப்பைக் கேட்டு, அன்றிலிருந்து இந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டிருந்தவர். தபால் ஊழியர் சங்கத்தின் கூடத்தைப் பிடித்தார். நூற்று இருபது நாற்காலி, மரத்தரை. சனி மாலை நான்கு மணிக்கு ஒரு கச்சேரி, ஞாயிறு அதே நேரத்துக்கு இன்னொன்று. இரண்டிலும் நன்றாக வந்ததை எடுத்து ஒரு தட்டு.

தள்ளிப்போட வழியில்லை. பெரியவரின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. சாக்ஸஃபோன் ஊதுகிறவனுக்கு மேல்பல்தான் அஸ்திவாரம், ஊதும் முனையின் மேல் அது அழுந்தி நிற்க வேண்டும். ஈறு சீழ் பிடித்துவிட்டது, மாத முடிவுக்குள் மேல்வரிசை முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். பொய்ப்பல் கட்டிக்கொண்டு ஊதப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எழுபத்து மூன்றில் பழகியவரை டாக்டருக்குத் தெரியாது.

சனிக்கிழமை கூடம் நிறைந்தது. சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். பதிவுக்காரம்மா ட்ரம்ஸுக்கும் சாக்ஸஃபோனுக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகையை நிறுத்தியிருந்தார். சின்னவர் அதை நகர்த்தச் சொன்னார். அண்ணனின் தோளைப் பார்க்காமல் தன்னால் வாசிக்க முடியாது என்றார். பெரியவரும் அதை எடுத்துவிடச் சொன்னார். எதற்காகத் தம்பி தோளைப் பார்க்கிறான் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று அவர் வாசித்ததுபோல் வாழ்நாளில் வாசித்ததில்லை. பல் ஒவ்வொரு சுரத்துக்கும் வலித்தது, ஆனால் வலி வேறு யாருடையதோ போல இருந்தது. மெதுவான பாட்டு ஒன்றில் நடுவே எல்லோரையும் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டிவிட்டுத் தனியாக ஊதினார். முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முடிந்ததும் கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மூவரும் வீட்டுக்கு நடந்து போகும்போது சின்னவர், "அண்ணே, இனிமே பல்லு போனா என்ன, தலையே போனா என்ன" என்றார். பெரியவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அண்ணி பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பதிவுக்காரம்மா பெரியவரை மட்டும் கூடத்துக்கு வரச் சொன்னார். மேடைக்குப் பின்னால், மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையில் கருவிகளை வைத்திருந்தார். முதல் பாட்டைப் போட்டுக் காட்டினார்.

சிம்பல்தான் கேட்டது. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி. அதற்கு அடியில் எங்கோ, பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல, தன்னுடைய வாசிப்பு போவதைப் பெரியவர் கேட்டார். மெதுவான பாட்டைப் போடச் சொன்னார். அதிலும் அப்படித்தான்.

"குறைக்க முடியாதா?"

"உங்க மைக்குலயும் அதான் சார் இருக்கு. சிம்பலைக் குறைச்சா உங்க மூச்சும் சேர்ந்து குறையுது. ராத்திரி பூரா பாத்துட்டேன். நீங்க தனியா வாசிச்ச அந்த நாப்பது செகண்ட் மட்டும் சுத்தமா இருக்கு."

பிறகு அவர், சொல்ல வந்ததைச் சொன்னார். இசைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் ட்ரம்ஸ்காரர் ஒருவர் இருக்கிறார், பெரியவரின் உருப்படிகள் அத்தனையும் தெரிந்தவர், கூப்பிட்டால் மதியமே வந்துவிடுவார். கூப்பிடாவிட்டால் இன்றைக்கும் இதேதான் நடக்கும், தட்டு என்று ஒன்று வராது. முடிவு பெரியவருடையது.

பெரியவர் பதில் சொல்லும் முன்பே கதவு திறந்தது. சின்னவர் வந்து நின்றார். கச்சேரி நாளில் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது, ஆறு மணி நேரம் முன்னதாகவே போய் ட்ரம்ஸின் தோலை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார். நேற்றையதைக் கேட்கிறீர்களா என்று ஆசையாக ஒரு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். போடச் சொன்னார். பதிவுக்காரம்மா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தரையைப் பார்த்தார். பாட்டு ஓடியது.

சின்னவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வலது கால் தானாகத் தாளம் போட்டது. அண்ணன் ஏறும் இடங்களில் தலையை ஆட்டினார். முடிந்ததும் கண்களைத் திறந்து, "பிரமாதமா வந்திருக்கும்மா" என்றார். "ஒரே ஒரு குறை. சிம்பல் கொஞ்சம் உள்ள போன மாதிரி இருக்கு. அதை மட்டும் தூக்கி வைக்க முடியுமா?"

பதிவுக்காரம்மா ஒரு கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார். பெரியவர்தான் பேசினார். முடியும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு ஃபோன் செய்ய வேண்டும் என்று சங்க அலுவலக அறைக்குப் போனார்.

வீட்டுக்கு ஃபோன் செய்து மனைவியிடம் இரண்டே வாக்கியம் சொன்னார். உனக்குக் காலையிலிருந்து தலைசுற்றல், படுத்திரு, அவனை அனுப்புகிறேன். மறுமுனையில் அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிந்திருக்க வேண்டும். ஃபோனை வைத்துவிட்டாள்.

அவர் திரும்பி வந்து அண்ணிக்கு மயக்கம் என்றதுமே சின்னவர் எழுந்துவிட்டார். "நீ போய் அவ கூட இருடா, நான் இதை விட்டுட்டு வர முடியாது" என்றார் பெரியவர். ட்ரம்ஸுக்கு என்ன செய்வாய் என்று சின்னவர் கேட்டார். இன்றைக்கு மூன்று பேராகச் சமாளித்துக்கொள்கிறோம், நேற்றையதுதான் நன்றாக வந்திருக்கிறதே, நீயே கேட்டாயே என்று பெரியவர் சொன்னார். சின்னவர் தன் மேல்கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அன்று பிற்பகல் முழுவதும் அண்ணி நல்ல உடம்போடு கட்டிலில் படுத்திருந்தாள். சின்னவர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஈரத்துணி போட்டார், கால் பாதத்தைத் தேய்த்துவிட்டார், டாக்டரைக் கூப்பிடப் போனவரை அவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளைச் சிரிக்க வைக்கப் பத்திரிகையில் வந்த விளம்பரங்களை எல்லாம் செய்தி வாசிப்பவர் மாதிரி வாசித்துக் காட்டினார். நான்கு மணி அடித்தபோது மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரம்பிச்சிருப்பாங்க" என்றார்.

கூடத்தில் ஆரம்பித்திருந்தார்கள். புதியவர் சின்னவரின் ட்ரம்ஸிலேயே உட்கார்ந்து, இருக்கையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, சொந்தச் சிம்பல்களை மாட்டிக்கொண்டார். மெத்தென்று, இடம்விட்டு, நன்றாகவே வாசித்தார். பெரியவர் தப்பில்லாமல் ஊதினார். ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் பழக்கத்தில் இரண்டு தடவை தோளைத் திருப்பினார், அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. நேற்று வந்தது இன்று வரவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. பியானோக்காரருக்கும் தெரிந்தது. மைக்குக்கு மட்டும் எல்லாம் திருப்தியாக இருந்தது.

இரவு சின்னவர் கீழே போன பிறகு பெரியவரின் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். "அவர் என் காலைப் பிடிச்சு விட்டாருங்க" என்றாள். போர்வையை எடுத்துக்கொண்டு போய் முன்னறையில் படுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் பல் எடுத்தார்கள். ஈறு ஆறியதும் பொய்ப்பல் வந்தது. பெரியவர் தினமும் காலையில் சாக்ஸஃபோனை வாயில் வைத்துப் பார்த்தார். பல்செட் நழுவியது, உதட்டோரத்தில் காற்று புஸ்ஸென்று கசிந்தது. பேச்சும் குழறியது. சின்னவர் தினமும் மேலே வந்து தைரியம் சொன்னார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள், உனக்குச் சொல் எப்போது இருந்தது போவதற்கு என்றார். மூன்றே மாதத்தில் பழகிவிடும், தட்டு வந்ததும் ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள், அதற்குள் தயாராகிவிடு என்றார். ட்ரம்ஸ் இருக்கை ஏன் தாழ்ந்திருக்கிறது என்று ஒருநாள் கேட்டார். கூடம் பெருக்கியவர்கள் நகர்த்தியிருப்பார்கள் என்று பெரியவர் சொன்னார்.

தட்டின் உறையில் ட்ரம்ஸ்காரர் பெயரே வேண்டாம் என்று பெரியவர் பதிவுக்காரம்மாவிடம் கேட்டுப் பார்த்தார். வாசித்தவர் பெயரைப் போடாமல் இருக்க முடியாது சார் என்று அவர் சொல்லிவிட்டார். நியாயம்தான். தட்டு வருவதற்குள் தம்பியிடம் சொல்லிவிடுவது என்று பெரியவர் முடிவு செய்தார். இன்று, நாளை, ஈறு ஆறட்டும், குளிர் குறையட்டும் என்று நாள் போயிற்று.

பார்சல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கீழ்த்தளத்தில் இருந்த சின்னவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அவரால் பொறுக்க முடிந்திருக்காது, பிரித்துவிட்டார். மூன்று மாடி ஏறி வந்து உணவு மேசையில் பெட்டியை வைத்தபோது ஒரு தட்டு அவர் கையில் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பெரியவர் ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

சின்னவர் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தார்.

"அன்னிக்கு உங்களுக்கு மயக்கம் வரலையா அண்ணி?"

"இல்ல" என்றாள் அவள். "நல்லாத்தான் இருந்தேன்."

சின்னவர் தலையாட்டினார். "நல்லதாப் போச்சு. நான் ரொம்பப் பயந்துட்டேன்."

பெரியவர் பேச ஆரம்பித்தார். நான்கு வருடம் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. ஆனால் பொய்ப்பல்லுக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லும் காற்றாகவும் எச்சிலாகவும் வந்தது. சின்னவர் முன்னால் சாய்ந்து அண்ணனின் உதட்டையே பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றே?" என்றார். பெரியவர் மறுபடி சொன்னார். சின்னவர் அண்ணியின் பக்கம் திரும்பினார்.

அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. அவள் எழுந்து சின்னவர் பக்கத்தில் போய், பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். உங்களுக்குக் காது கேட்கவில்லை என்கிறார். நாலு வருஷமாக என்கிறார். சிம்பல் சத்தத்தில் சனிக்கிழமைப் பதிவு முழுவதும் கெட்டுப்போயிற்று என்கிறார். உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை என்கிறார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

அவள் தலையாட்டினாள்.

பெரியவர் மேசைமேல் குனிந்து, உறையில் முதல் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். தட்டு தொடங்கும் அந்த நாற்பது செகண்ட் சனிக்கிழமை எடுத்தது, அதில் நீங்கள் இருக்கிறீர்கள் என்கிறார் என்று அவள் அவருக்காகச் சொன்னாள்.

"நான் அதுல என்ன வாசிக்கிறேன்?" என்று கேட்டார் சின்னவர்.

பெரியவர் உறையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். சின்னவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும், குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த இடம் அது. தட்டை மேசையில் வைத்தார். அன்று இரவு சாப்பிட மேலே வரவில்லை. அண்ணி சாப்பாட்டைப் பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு கீழே போனாள். வாசலில் வாங்கிக்கொண்டார்.

பிறகு அவர் காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டுக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை சிம்பலைத் தட்டினாராம். பாத்திரக் கடையில் அலமாரி சாய்ந்த மாதிரி இருந்தது என்று அண்ணியிடம் சொன்னார். ட்ரம்ஸை இசைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். அதை வந்து எடுத்துப்போனவர் அதே புதிய ட்ரம்ஸ்காரர்தான். அவரோடு சேர்ந்து ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றிவிட்டு, மடக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார். தட்டைப் பற்றிப் பத்திரிகையில் ஒரே ஒரு மதிப்புரை வந்தது. நல்ல மதிப்புரைதான். பெரியவரின் வாசிப்பில் நிதானம் கூடியிருக்கிறது என்றும், ட்ரம்ஸ் இதுவரை இல்லாத மென்மையோடு இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். கச்சேரிக்கு இரண்டு ஊர்களிலிருந்து அழைப்பு வந்தது. பெரியவர் வாயைக் காட்டி மறுத்துவிட்டார்.

குளிர்காலம் முடியும் முன் சின்னவர் அறையைக் காலி செய்துவிட்டு, சித்தப்பா மகன் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த ஊருக்குப் போய்விட்டார். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஃபோனில் பேச அவருக்குக் காது இல்லை, அதனால் மாதம் ஒருமுறை அண்ணிக்குக் கடிதம் எழுதினார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும். அண்ணி அதை வாசித்துக் காட்டுவாள். பெரியவர் கேட்டுக்கொள்வார்.

அடுத்த வசந்தத்தில் பெரியவர் தனியாகப் புறப்பட்டுப் போனார். கடையைக் கண்டுபிடித்தபோது சின்னவர் நீளமான மேசையில் ஒரு கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி அளந்துகொண்டிருந்தார். மூக்கில் கண்ணாடி, காதில் மெஷின், கையில் அளவுகோல். இளைத்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் அளவுகோலை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்க" என்றார். "உட்காருங்க. பஸ்ல இடம் கிடைச்சுதா உங்களுக்கு?"

நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். பெரியவர் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்த நாளிலிருந்து தம்பி அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அப்பா அடித்தும் அதை மாற்ற முடிந்ததில்லை. சின்னவர் காப்பி வாங்கி வந்தார், ஆறவைத்துக் கொடுத்தார். அண்ணியின் மூட்டுவலியை விசாரித்தார். கடையைச் சுற்றிக் காட்டினார். எந்த மரம் வளையும், எது வளையாது என்று பொறுமையாக விளக்கினார். புதிதாக வந்த வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னார். பெரியவர் வீட்டில் பத்து நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். சின்னவர் மெஷினைத் தொட்டுக் காட்டி, கடைச் சத்தத்தில் இது சரியாக வேலை செய்வதில்லை என்று மன்னிப்புக் கேட்டார். கடையில் அப்போது எந்தச் சத்தமும் இல்லை.

மூன்று மணி பஸ்ஸுக்குக் கூட வந்து ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பஸ் நகரும்வரை நின்று, பிறகு கடைக்குத் திரும்பி நடந்தார். வேலை பாதியில் இருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மனைவி, எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றார் பெரியவர். என்ன பேசினார் என்று கேட்டாள். அவர் வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டார். அவள் ஜன்னலைச் சாத்தப் போனாள்.